நர்சுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? பெயர் போடாமல் மார்க் போட்டு முடிவு செய்றாங்க!

டயாலிசிஸ் வார்டில் ஒரு நோயாளி சுமார் 4 மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போய் விடுவார். கூடவே இருப்பவர் நர்சுதான். திடீர்னு பிரஷர் இறங்கினால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவர்தான்.

அப்படின்னா அவருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? இதை யார் முடிவு செய்வது?

சர்டிபிகேட் மட்டும் போதுமா?

ஐ.சி.யூ., கேன்சர், மனநலம், ஆபரேஷன் தியேட்டர் என்று தனித்தனியாக ஓராண்டு டிப்ளமோ படிப்புகளை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. ஆனால் படித்தது வேறு, படுக்கை பக்கத்தில் கை பழகியது வேறு. அதனால்தான் "ஒரு ஸ்பெஷல் நர்சு கட்டாயம் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை" என்று பல நாடுகளில் பட்டியல் போடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். எல்லோரையும் ஒரே ரூமில் உட்கார வைத்துப் பேசினால் என்ன ஆகும்? பெரிய டாக்டர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் தலையாட்டி விடுவார்கள். தினமும் ஊசி குத்துகிற நர்சு வாயைத் திறக்க மாட்டார்.

டெல்பி முறை

இதற்கு வழி 'டெல்பி' முறை. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் ராணுவ விஷயங்களைக் கணிக்க உருவாக்கியது. குறி சொல்வதற்குப் பேர் போன கிரேக்க நாட்டு டெல்பி கோயிலின் பெயரை வைத்தார்கள். பிறகு மருத்துவத் துறையும் பிடித்துக் கொண்டது.

நடப்பது இப்படித்தான்:

* அனுபவ நர்சுகள், டாக்டர்கள், நர்சிங் ஆசிரியர்களைத் தேர்வு செய்வார்கள். நோயாளிகளையும் சேர்ப்பது உண்டு.

* முதல் சுற்றில், தேவையான திறமைகளை ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தருவார்கள்.

* அடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். யார் எவ்வளவு போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

* மொத்த மார்க்கைக் காட்டி, "உங்க கருத்தை மாத்திக்கிறீங்களா?" என்று மறுபடியும் கேட்பார்கள்.

* இத்தனை பேர் ஒத்துக்கொண்டால்தான் பட்டியலில் இடம் என்று முன்கூட்டியே கணக்கு வைப்பார்கள். பல ஆய்வுகளில் இது 70 முதல் 80 சதவீதம்.

உதாரணம் பாருங்க

டயாலிசிஸ் நோயாளிக்கு கையில் ரத்தக் குழாய்களை இணைத்து 'பிஸ்டுலா' போடுவார்கள். அதன் மேல் விரல் வைத்தால் விர்ர்... என்று அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு இல்லாவிட்டால் அடைப்பாக இருக்கலாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது.

"பிஸ்டுலா பற்றித் தெரியும்" என்று எழுதினால் போதாது. "ஊசி குத்தும் முன் தொட்டுப் பார்த்து, கோளாறு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்வார்" என்று எழுத வேண்டும். அப்போதுதான் கூட நின்று செய்யச் சொல்லி சோதிக்க முடியும்.

குறையும் உண்டு

எல்லோரும் ஒத்துக்கொண்டதால் மட்டும் ஒரு விஷயம் சரியாகி விடாது. குழுவில் தவறானவர்கள் இருந்தால் பட்டியலும் தவறும். ஆராய்ச்சி முடிவுகளோடு ஒப்பிட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.

பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும். பிஸ்டுலா போட்ட கையில் யாராவது பிரஷர் பார்க்க வந்தால், "சிஸ்டர், அந்தக் கையில பாருங்க" என்று சொல்ல நோயாளிகளும் தயங்க வேண்டாம்.