பெட்டி கட்டுவதற்கு முன்

ஹைதராபாத்தின் பாலாநகரில் சிறு பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்கான ஆட்களைப் பயிற்றுவிக்கும் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968 முதல் அங்கேயே இயங்குகிறது. இத்தகைய பட்டறைகளின் ஆர்டர், வரைபடம், இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இன்று மெயிலில்தான் போய்வருகின்றன. முதலாளி பெங்களூருவில் நடக்கும் இம்டெக்ஸ் இயந்திரக் கருவிக் கண்காட்சிக்குக் கிளம்பினால், ‘ஏர்போர்ட் வைஃபையில் மெயிலைத் திறக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கை தவறாமல் வரும். அது முழுத் தவறல்ல, ஆனால் பழையது. 2010-இல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள், ஒரே வைஃபையில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்று காட்டியது. அதே ஆண்டு ஜிமெயில் எல்லாப் பக்கங்களையும் மறையாக்கம் செய்து அனுப்பத் தொடங்கியிருந்தது. பிற தளங்களும் பின்தொடர்ந்தன. இன்று பக்கத்து நாற்காலிக்காரரால் உங்கள் மெயிலை அவ்வளவு சுலபமாகத் திருட்டுத்தனமாய்ப் படிக்க முடியாது. பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரித்தால் விலகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

திருடன் வருவது பெரும்பாலும் நாமே திறந்துவிடும் வழியில். 2022 ஜனவரியில் ஹைதராபாத்தின் மகேஷ் கூட்டுறவு வங்கியிலிருந்து சுமார் 12 கோடி ரூபாய் களவுபோனது. முந்தைய நவம்பரில் ஊழியர்களுக்கு வந்த 200-க்கும் மேற்பட்ட போலி மெயில்களில் சிலவற்றைத் திறந்ததே தொடக்கம் என்றது காவல்துறை. அங்கே பயணமும் இல்லை, பொது வைஃபையும் இல்லை. பயணம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ‘உங்கள் முன்பதிவு ரத்தாகிவிட்டது’ என்ற மெயில் வீட்டிலிருப்பவருக்குக் குப்பை, ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பவருக்கோ அவசரம். சின்னத் திரையில் அனுப்பியவரின் முகவரியும் முழுதாகத் தெரியாது. உள்ளே நுழைந்தவன் சத்தம் போடுவதில்லை. வரும் மெயில்களைத் தனக்கும் ஃபார்வர்டு ஆகும்படி அமைத்துவிட்டு, பெரிய இன்வாய்ஸ் வரும்வரை காத்திருப்பான். பிறகு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வாடிக்கையாளருக்கு எழுதுவான். விமானத்தில் இருக்கும் முதலாளியைக் கேட்டு உறுதிசெய்ய வழியிருக்காது. இப்படி வணிக மெயில் வழியே நடந்த மோசடிகளில் மட்டும், 2023-இல் அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி, இழப்பு சுமார் 290 கோடி டாலர்.

ஆகவே காவல் போட வேண்டிய இடம் வீடு. நேரம், கிளம்புவதற்கு முன். கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் பூட்டாக வரும் எஸ்எம்எஸ் குறியீடு ஒன்றே இயந்திரத் தாக்குதல்கள் அனைத்தையும், மொத்தமாக அனுப்பப்படும் மோசடி வலைகளில் 96 சதவீதத்தையும் தடுத்தது. குறிவைத்த தாக்குதல்களில் அது 76 சதவீதமாக இறங்கியது. போனிலேயே ‘ஆம், நான்தான்’ என்று ஒப்புதல் தரும் முறை அவற்றில் 90 சதவீதத்தைத் தடுத்தது. ‘என் மெயிலில் என்ன இருக்கிறது, யார் வரப்போகிறார்கள்?’ என்பவருக்கும் பதில் இதிலேயே உண்டு: இயந்திரங்கள் ஆள் பார்த்துத் தாக்குவதில்லை.

‘வெளிநாட்டில் சிம் வேலை செய்யாவிட்டால் ஓடிபி எப்படி வரும்? போனே தொலைந்தால்?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காக இரண்டாம் பூட்டையே கழற்றிவைத்துவிட்டுப் போவது தீர்வாகாது. நெட்வொர்க் இல்லாமலே குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியைக் கிளம்பும் முன் இணைத்துக்கொள்ளலாம். கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, போனோடு சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்றை மெயிலுக்கென்றே வைக்கலாம். செட்டிங்ஸில் அந்நிய ஃபார்வர்டிங் முகவரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இவை எல்லாம் ஒரு மாலை வேலைதான்.

மீதி, பட்டறையின் பழக்கம். கணக்கு எண் மாறியதாக வரும் எந்த மெயிலையும், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் பேசிச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்று ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதையும் மீறிப் பணம் போனால், முதலாளி ஊர் திரும்பட்டும் என்று காத்திராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிகள் அதை முடக்க, அந்தச் சில மணி நேரம்தான் வாய்ப்பு.