உங்களுக்குத் தெரியுமா? ‘ஃபிராங்க்’கா ஒரு விஷயம் சொல்லட்டுமா!

மயிலாப்பூர் மாமி, “ஃபிராங்க்கா சொல்றேன், தப்பா எடுத்துக்காதேடி!” என்கிறார். தி.நகர் துணிக்கடையில் ஒருவர், “ஃபிராங்க்கா சொல்லு, இந்தக் கலர் எனக்கு எடுக்குதா?” என்று மனைவியைக் கேட்கிறார். அடையாறு பஸ் ஸ்டாப்பில், “ஃபிராங்க்கா பேசுடா மச்சி!” மூன்று பேருக்கும் தெரியாத ரகசியம் நம் கையில் இருக்கிறது. பிடியுங்கள்!

★ ‘ஃபிராங்க்’ என்றால் ஒளிவுமறைவில்லாமல், மனம் திறந்து, வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக. சரிதான். ஆனால் அது முதலில் குணத்தின் பெயரே இல்லை. ஒரு கூட்டத்தின் பெயர்! ஐரோப்பாவில் வாழ்ந்த ஜெர்மானிய இனத்தாரின் பெயர்!

★ அவர்கள் பிடித்த நாட்டுக்கும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பிரான்ஸ்! ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டும் அவர்கள் பெயரில் உள்ள ஆற்றுத்துறைதான்!

★ அந்த மண்ணில் முழுச் சுதந்திரம் ஃபிராங்குகளுக்கு மட்டும். ஆகவே ‘ஃபிராங்க்’ என்றாலே யாருக்கும் அடிமை இல்லாதவன். அடிமை இல்லாதவன்தானே வாய் திறந்து பேச முடியும்? ஆங்கிலத்தில் ‘மனதில் பட்டதைச் சொல்பவன்’ என்ற அர்த்தம் வந்து சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில்!

★ அதே 16-ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூர் கடற்கரையில் யார் வந்து இறங்கினார்கள்? போர்த்துகீசியர்! சாந்தோமில் குடியேறிய அவர்களுக்கு நம் ஆட்கள் சொன்ன பெயர் என்ன? பரங்கி! அதுவும் இதே ‘ஃபிராங்க்’தான்! நம்ப முடிகிறதா?

★ சொல் வந்த வழியைப் பாருங்கள். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அத்தனை பேரையும் அரபிகள் ‘ஃபிராங்க்’ கணக்கில் சேர்த்தார்கள். பாரசீகத்தில் ‘ஃபரங்கி’. இந்தியில் ‘ஃபிரங்கி’. தமிழில் ‘ஃப’ வராது, ‘ப்ர’ என்று சொல் தொடங்கவும் செய்யாது. தட்டினார்கள் ஒரு தட்டு. ‘பரங்கி’ ரெடி!

★ மெட்ரோவில் போகிறீர்களா? பரங்கிமலை ஸ்டேஷனில் பெயர்ப் பலகையைப் பாருங்கள். சாட்சாத் ‘ஃபிராங்க்’ மலை! சுமார் 300 அடி உயரம். உச்சியில் போர்த்துகீசியர் கோயில் எழுப்பிய வருடம் 1523!

★ கடலூர்ப் பக்கம் பரங்கிப்பேட்டை. அதுவும் ‘ஃபிராங்க்’ ஊர்! இலங்கையில் பறங்கியர் என்றால் ஐரோப்பிய வம்சாவளியினர். எழுத்தில் ‘ர’ போய் ‘ற’ வந்தாலும் ஆள் அதே ஆள்தான்!

★ இனிமேல்தான் அதிர்ச்சி. பரங்கிக்காய்! பரங்கிக்காரர் வழியாக வந்த காய் என்பதால்தான் அந்தப் பெயர். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கூட்டு, புளிக்குழம்பு, அல்வா என்று நாம் பரம்பரைச் சொத்தாகக் கொண்டாடும் காய்க்கு ‘ஃபிராங்க்’ முத்திரை!

★ மார்கழி விடியலில் மாடவீதிக் கோலம். நடுவில் சாணி உருண்டை. அதன் மேல் மஞ்சள் பூ. அந்தப் பூ எந்தக் கொடியில் பூத்தது? பரங்கிக் கொடியில்! கபாலீசுவரர் கோயில் வாசலில் அமெரிக்கச் செடி!

★ கச்சேரி சாலை நாட்டு மருந்துக் கடையில் பரங்கிப்பட்டை கேட்டுப் பாருங்கள். சித்த மருந்துச் சரக்கு. ஐரோப்பியர் கொண்டுவந்த மேகநோய்க்குப் பெயரே பரங்கிப்புண். நோயும் பரங்கி, மருந்தும் பரங்கி!

★ பாங்காக் போனால் உஷார்! தாய்லாந்தில் வெள்ளைக்காரரும் ‘ஃபரங்’, கொய்யாப்பழமும் ‘ஃபரங்’! எத்தியோப்பியாவில் வெளிநாட்டுக்காரர் ‘ஃபெரஞ்ச்’!

★ பூமியோடு நிற்கவில்லை! ‘ஸ்டார் டிரெக்’ டிவி தொடரில் லாப வெறி பிடித்த வேற்றுக்கிரகவாசிகள் வருவார்களே, அவர்கள் பெயர் ‘ஃபெரெங்கி’. அறிமுகமான வருடம் 1987. நம் பரங்கி விண்வெளிக்கே போய்விட்டான்!

★ தபால் ஆபீஸில் ஸ்டாம்ப்புக்குப் பதில் மெஷின் முத்திரை குத்துகிறார்களே, ‘ஃபிராங்கிங்’? அதே சொல்! ஒரு காலத்தில் பிரிட்டிஷ் எம்.பி. கவர் மேல் கையெழுத்துப் போட்டால் போதும். தபால் இலவசம்! அந்தச் சலுகை ஒழிந்தது 1840-ல்!

★ ‘ஃபிரான்சைஸ்’ என்ற சொல்லும் இதே வீட்டுப் பிள்ளை. அதன் பழைய அர்த்தம் சுதந்திரம். சேப்பாக்கம் சிங்கங்களும் ஒரு ‘ஃபிரான்சைஸ்’தானே? சென்னை சூப்பர் கிங்ஸை 2008-ல் ஏலத்தில் எடுத்த விலை 9 கோடியே 10 லட்சம் டாலர்!

★ வாக்குரிமைக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபிரான்சைஸ்’தான். பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு அதை முதலில் கொடுத்த மாகாணம் எது தெரியுமா? நம்ம சென்னை! வருடம் 1921. அதற்குக் குரல் கொடுத்த இந்திய மாதர் சங்கம் பிறந்த இடம்? நம்ம அடையாறு! வருடம் 1917!

★ அமெரிக்க 100 டாலர் நோட்டில் சிரிக்காமல் பார்க்கிறாரே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அவர் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்? யாருக்கும் அடிமைப்படாத நிலக்காரர்! அங்கேயும் ‘ஃபிராங்க்’!

★ பாண்டி பஜாரில் நின்றபடி ‘ஃபிராங்கி’ ரோல் கடிப்பவர்களே! மும்பையில் பிறந்த அந்தப் பண்டத்துக்குப் பெயர் கொடுத்தவர் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரல் என்கிறார்கள். சப்பாத்திக்குள் கிரிக்கெட்!

★ இப்போது உபயோகம்! ‘ஃபிராங்க்கா’ என்ற சொல்லின் கடைசி ‘ஆ’ சுத்தத் தமிழ். ‘நல்லா’, ‘அழகா’ என்பதில் வருகிற அதே ‘ஆ’! பழங்கால ஐரோப்பியத் தலைக்கு மயிலாப்பூரில் தைத்த வால்!

★ இன்னொரு விசேஷம். சென்னையில் ‘ஃபிராங்க்கா சொல்லணும்னா’ என்று யாராவது ஆரம்பித்தால், பின்னால் பாராட்டு வருவது அபூர்வம்! “உங்க பையன் கச்சேரி ஃபிராங்க்கா சொல்லணும்னா...” அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்!

★ கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கே பரங்கிக்காய்க் கூட்டு வையுங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரர் சொல்வார்: “ஃபிராங்க்கா சொல்லணும்னா பரங்கிக்காயில உப்பு கம்மி!” கோபப்படாதீர்கள். அவருக்கே தெரியாமல், ஒரே மூச்சில் ஒரே சொல்லை அவர் சொன்னது 2 தடவை!