பள்ளிக்கூடம் என்றாலே பதறும் வீடுகள்... நம்பிக்கை தரும் ஒரு போன் கால்!

1973-ம் ஆண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயது பூர்வகுடிச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த புத்தம் புது ஆரஞ்சு சட்டையோடு பள்ளிக்குப் போனாள். முதல் நாளே அந்தச் சட்டையைப் பறித்துக்கொண்டார்கள். கடைசிவரை அது அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அது ஓர் உறைவிடப் பள்ளி. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, அவர்களின் அடையாளத்தையே மறக்கடிக்க, கனடா அரசும் தேவாலயங்களும் சேர்ந்து நடத்திய பள்ளிகளில் ஒன்று. இவற்றில் அடைக்கப்பட்ட குழந்தைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை.

கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான். இன்று படிக்கும் பிள்ளைகளின் தாத்தா, பாட்டி, சில வீடுகளில் அப்பா, அம்மாவே அங்கே வளர்ந்தவர்கள். பள்ளியிலிருந்து போன் வந்தால் அவர்களுக்குப் பதறாதா என்ன?

மார்க் போடாத மனிதர்கள்

இந்தப் பயத்தைப் போக்கத்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசுப் பள்ளிகளில் பூர்வகுடி மாணவர் ஆதரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பூர்வகுடி மாணவர்களுக்கென்றே மாகாண அரசு தனியாக நிதி ஒதுக்குகிறது. பணியாளர்களில் பலரும் பூர்வகுடி சமூகத்தைச் சேர்ந்தவர்களே.

இவர்கள் மார்க் போடுவதில்லை, தண்டிப்பதும் இல்லை. ஒரு மாணவி நான்கு நாள் வரவில்லையா? பஸ் கிடைக்கவில்லையா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, ஊரில் துக்க நிகழ்வா எனக் காரணத்தைத் தேடுவார்கள். `இது சோம்பேறித்தனம் இல்லை’ என்று ஆசிரியருக்குப் புரியவைப்பார்கள். தலைமை ஆசிரியரைப் பார்க்கத் தயங்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சின் அர்த்தத்தை எளிமையாகச் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்களை வகுப்புக்கு அழைத்துவந்து, அன்று தடை செய்யப்பட்ட அதே மொழியைக் கற்றுத்தர வைப்பார்கள்.

முக்கியமாக, குறை சொல்ல மட்டும் போன் செய்வதில்லை. `உங்கள் மகள் இன்று நன்றாகப் படித்தாள்’ என்று சொல்லவும் அழைப்பார்கள். நம்பிக்கை அங்கேதான் துளிர்க்கிறது.

இரண்டு பக்கமும் இடி

வேலை எளிதல்ல. பள்ளியின் பார்வையில் இவர்கள் பெற்றோர் பக்கம். பெற்றோரின் பார்வையில் பள்ளியின் ஆள். ஆசிரியர்களைவிடச் சம்பளமும் குறைவு. ஒரே நபர் பல பள்ளிகளைக் கவனிப்பதும் உண்டு. அவர் வேலையை விட்டுப் போனால், பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து ஒருவரை நம்ப வேண்டும்.

மாற்றங்கள் வராமல் இல்லை. 2023-24 கல்வியாண்டு முதல், இந்த மாகாணத்தில் பள்ளிப்படிப்பை முடிக்க எல்லா மாணவர்களும் பூர்வகுடிகள் பற்றிய பாடம் படித்தே ஆக வேண்டும். செப்டம்பர் 30-ம் தேதி, ஃபில்லிஸின் கதையை நினைவில் சுமந்து, நாடு முழுக்கப் பிள்ளைகள் ஆரஞ்சு சட்டை அணிகிறார்கள்.

சட்டையைப் பறித்ததும் பள்ளிக்கூடம்தான். இன்று அணியச் சொல்வதும் பள்ளிக்கூடம்தான். இடையில் உடைந்த நம்பிக்கையை, ஒவ்வொரு போன் காலாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் இந்தப் பணியாளர்கள்!