பழைய டிஜிட்டல் காமிராவை மாற்றுவது எப்போது?

தாவரங்களையும் பூச்சிகளையும் பாறை அடுக்குகளையும் ஆய்ந்து குறிப்பெடுக்கும் களப்பணியாளருக்குக் காமிரா இன்று குறிப்பேட்டுக்கு அடுத்த கருவியாகும். பள்ளி ஆசிரியருக்கும் அது பாடத்தை விளக்க உதவும் துணையாக உள்ளது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பெற்ற டிஜிட்டல் காமிராக்கள் பல இன்னும் வேலை செய்து வருகின்றன. இவற்றை நீக்கிவிட்டுப் புதியன வாங்குவதா, அன்றி இருப்பதையே தொடர்ந்து உபயோகிப்பதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இது விருப்பத்தை மட்டும் பொறுத்த கேள்வியன்று. ஒதுக்கப்படும் தொகை பெரும்பாலும் சிறியது. அது வேண்டாத பொருளில் செலவானால், வேண்டிய பொருள் பல ஆண்டுகளுக்குக் கிட்டாது. மறுபுறம், தேய்ந்துபோன காமிரா களத்தில் நின்றுவிட்டால், ஆண்டில் சில நாட்களே மலரும் செடியின் பதிவு அவ்வாண்டு இல்லாமற் போகும். ஆகவே இரு பக்கத்தையும் அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு காமிராவை எடுத்துக்கொள்ளலாம். நிக்கான் டி700 என்பது 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் ஒளியுணர் தகடு 36 மி.மீ. நீளமும் ஏறத்தாழ 24 மி.மீ. அகலமும் உடையது, 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவே இதுவும். அது தரும் படத்தில் நீளவாட்டில் 4,256 புள்ளிகளும் அகலவாட்டில் 2,832 புள்ளிகளும் உண்டு. இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வரும். இதனையே 12 மெகாபிக்சல் என்கின்றனர். சலனப்படம் எடுக்கும் வசதி இதில் இல்லை. இதனைப் பற்றிக் கூறப்படுவன அக்காலத்திய பிற காமிராக்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படத்தின் தரம் எதனால் அமைகிறது?

கடைத்தெருவில் ‘பாடி’ எனப்படும் உடற்பகுதி, படத்தை உண்டாக்கும் பல காரணங்களுள் ஒன்றே. பொருளின்மீது விழும் ஒளி, அவ்வொளியைக் குவிக்கும் லென்ஸ், காமிராவை அசையாமல் தாங்கும் முக்காலி, ஒளியை மின்னேற்றமாக மாற்றும் தகடு, எடுப்பவரின் பயிற்சி ஆகிய ஐந்தும் அதில் பங்கு கொள்கின்றன. இவற்றுள் எது மிகவும் குறைவுடையதோ அதுவே படத்தின் தரத்தை நிர்ணயிக்கும். கை அசைந்து கலங்கிய படத்தைப் புதிய தகட்டினால் மட்டும் தெளிவாக்க இயலாது. எனவே குறை எங்குள்ளது என்று முதலில் கண்டறிதல் அவசியம்.

புள்ளிகளின் எண்ணிக்கை

புதிய காமிராவை விரும்புவோர் முதலில் குறிப்பிடுவது மெகாபிக்சல் எண்ணிக்கையையே. 12 மெகாபிக்சலிலிருந்து 24 மெகாபிக்சலுக்கு மாறினால் படத்தின் நுணுக்கம் இருமடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. புள்ளிகள் நீளம், அகலம் ஆகிய இரு வாட்டத்திலும் பரவியுள்ளன. மொத்தம் இருமடங்கானால் ஒவ்வொரு வாட்டத்திலும் 2இன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 1.41 மடங்கே கூடும். ஒரு வாட்டத்தில் இருமடங்கு நுணுக்கம் வேண்டுமாயின் 48 மெகாபிக்சல் தேவைப்படும். அந்நுணுக்கத்தைத் தரவல்ல லென்ஸும் உடன் வேண்டும்.

இருக்கும் புள்ளிகள் போதுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொள்வது வழக்கம். 4,256 புள்ளிகளை 300ஆல் வகுத்தால் 14 அங்குலமும், 2,832ஐ வகுத்தால் 9.4 அங்குலமும் கிடைக்கின்றன. ஏ-4 தாளின் அளவு ஏறத்தாழ 11.7 × 8.3 அங்குலமே. ஆகவே முழுப்பக்க அச்சுக்கு இது போதும். வகுப்பறையில் உள்ள புரொஜெக்டர் 1,920 × 1,080 புள்ளிகளைக் காட்டுவதாயின், அது 2 மெகாபிக்சலைச் சற்றே மிஞ்சும். 12 மெகாபிக்சல் படத்தை அதில் காட்டும்போது ஆறில் ஐந்து பங்குப் புள்ளிகள் பயன்படாமலே போகின்றன. பாடம் காட்டுவதற்காக மட்டும் அதிகப் புள்ளிகளை நாட வேண்டுவதில்லை.

தொலைவில் அமர்ந்த பறவையைப் போன்ற சிறு உருவத்தைப் படத்தின் நடுவிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியவருக்கு நிலைமை வேறு. நீளத்தில் பாதியும் அகலத்தில் பாதியும் வெட்டினால் எஞ்சுவது நாலில் ஒரு பங்கு, அதாவது 3 மெகாபிக்சலே. இவர்களுக்குப் புதிய உடற்பகுதி பயன் தரும்.

மங்கிய ஒளியில் படமெடுத்தல்

மங்கிய ஒளியில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் காணப்படும். இதற்கு முதற்காரணம் ஒளியின் இயல்பே. ஒளி, ‘போட்டான்’ எனப்படும் துகள்களாக வந்து விழுகிறது. ஓரிடத்தில் விழும் துகள்களின் எண்ணிக்கையில் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருக்கும். 10,000 துகள்கள் பதிவானால் ஏற்றத்தாழ்வு 100. அதாவது 1 சதவீதம். 100 துகள்களே பதிவானால் ஏற்றத்தாழ்வு 10. அதாவது 10 சதவீதம். ஒளி குறையக் குறையப் படம் கரடுமுரடாவது இதனாலேயே. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் படம் பிரகாசமாகுமே தவிர, வந்த ஒளி கூடுவதில்லை.

2008ஆம் ஆண்டுக்குப் பின் தகடுகள் முன்னேறியுள்ளன என்பதில் ஐயமில்லை. மின்கம்பிகளைத் தகட்டின் பின்புறத்துக்கு மாற்றியமைத்ததால் ஒளியுணரும் பரப்பு தடையின்றி ஒளியைப் பெறுகிறது. மின்சுற்றுகளில் தோன்றும் சலசலப்பும் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும் இம்முன்னேற்றத்துக்கு ஓர் எல்லையுண்டு. பழைய தகடே, வந்து விழும் துகள்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பதிவு செய்துவந்தது. அனைத்தையும் பதிவு செய்யும் தகடு ஒன்று அமைந்தாலும், கிடைக்கும் ஒளி மூன்று மடங்கே ஆகும்.

லென்ஸின் வாய்ப்பை இதனுடன் ஒப்பிடுக. எஃப்/5.6 துளையுள்ள லென்ஸுக்குப் பதில் எஃப்/1.8 துளையுள்ள லென்ஸைப் பொருத்தினால், தகட்டை அடையும் ஒளி ஒன்பது மடங்குக்கு மேல் பெருகும். ஆனால் பெரிய துளையில் ஒரு சிறு ஆழமே தெளிவாக அமையும். ஆகவே மலரையோ பூச்சியையோ மிக அருகில் வைத்து எடுப்பவர் துளையைக் குறுக்கியே ஆகவேண்டும்; அவருக்கு உதவுவது தனி விளக்கும் முக்காலியுமே ஆகும். இவை இரண்டும் புதிய உடற்பகுதியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன.

வெப்பப் பிரதேசங்களில் பணியாற்றுவோர் இன்னொன்றையும் அறிதல் நலம். ஒளியே இல்லாதபோதும் தகட்டில் சிறு மின்னோட்டம் தோன்றும். வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் கூடும்தோறும் இது ஏறத்தாழ இருமடங்காகும். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குத் தகடு சூடேறினால் இது ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகும். பகற்படங்களில் இது தெரியாது. பல விநாடிகள் திறந்துவைத்து எடுக்கும் இரவுப் படங்களிலேயே தெரியும். காமிராவை வெயிலில் நிற்கும் ஜீப்பினுள் விட்டுவைக்காமல் நிழலில் வைத்திருத்தல் இதற்கு எளிய பரிகாரமாகும்.

தேய்மானத்தை அறிதல்

தகடு எளிதில் தேய்வதில்லை. தேய்வது ஷட்டர் முதலிய அசையும் உறுப்புகளே. டி700இன் ஷட்டர் 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டதாகும். ஒரு களப்பயணத்தில் 200 படங்களும், ஆண்டுக்கு 50 பயணங்களும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 10,000 படங்கள் ஆகும். பதினைந்து ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை நிறைவுறும். இஃது உறுதிமொழியன்று, சில ஷட்டர்கள் முன்னரே பழுதுறும், சில பின்னரும் இயங்கும். எனினும் அவ்வெண்ணை நெருங்கிய காமிராவை மட்டும் நம்பித் தொலைதூரப் பயணம் மேற்கொள்வது தகாது. பல காமிராக்களில் இயக்க எண்ணிக்கை படக்கோப்பிலேயே பதிவாகிறது. கணிப்பொறியில் அதனைப் படித்தறியலாம்.

முடிவெடுக்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பகலொளியில் ஓர் இலையை அளவுகோலுடன் வைத்து, காமிராவை முக்காலியில் பொருத்தி, தானியங்கித் தாமத அமைப்பைக் கொண்டு படமெடுக்க வேண்டும். பின்னர் அதே இலையைக் கையிற்பிடித்து எடுக்க வேண்டும். முதற்படம் தெளிவாகவும் இரண்டாவது கலங்கியும் இருந்தால் குறை காமிராவில் இல்லை.

இரண்டாவது, சீராக ஒளியூட்டப்பட்ட வெண்சுவரை ஷட்டரின் மிக விரைந்த வேகத்தில் பலமுறை எடுக்க வேண்டும். டி700இல் அது ஒரு விநாடியில் 8,000இல் ஒரு பங்கு. படத்தின் ஓரத்தில் கருமைப் பட்டை தோன்றினால் ஷட்டர் தளர்ந்துள்ளது எனலாம்.

மூன்றாவது, சிறிய துளையில் வெளிர்ந்த வானத்தை எடுத்து, கரும்புள்ளிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை தகட்டின்மீதுள்ள தூசியாகும். தூசியைத் துடைத்தால் தீரும். அதற்காகக் காமிராவை மாற்ற வேண்டுவதில்லை.

நான்காவது, பாட்டரியை முழுதும் மின்னேற்றி, எத்தனை படங்கள் எடுக்க முடிகிறது என எண்ண வேண்டும். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தால் பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றினால் உடன் மாறுவன

புதிய உடற்பகுதியின் விலை முழுச் செலவன்று. நிக்கானின் எஃப் வகைப் பொருத்து வளையம் 1959ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வருவது. 2018ஆம் ஆண்டில் கண்ணாடியற்ற காமிராக்களுக்கென இசட் வகை வளையம் புகுத்தப்பட்டது. முன்னதில் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடைத்தூரம் 46.5 மி.மீ.; பின்னதில் 16 மி.மீ. இவ்வேறுபாட்டை ஈடுசெய்ய இடைவளையம் ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. ஆயின் அதில் மோட்டார் இல்லை. தன்னுள் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள், டி700இல் தாமாகவே குவியும். இவ்விடைவளையத்தின்வழி கையால் திருப்பியே குவிக்க வேண்டும். கையிருப்பிலுள்ள லென்ஸ்கள் எவ்வகையின என்று முன்னரே பார்த்துக்கொள்ளாவிடில், லென்ஸ்களுக்கும் சேர்த்துப் பணம் தேட நேரும்.

கோப்புகளின் பருமனும் கூடும். சுருக்கப்படாத 14-பிட் கோப்பு, 12 மெகாபிக்சலில் குறைந்தது 21 மெகாபைட்டும், 24 மெகாபிக்சலில் குறைந்தது 42 மெகாபைட்டும் இருக்கும். ஆயிரம் படங்களுக்குக் குறைந்தது 42 கிகாபைட் இடம் வேண்டும். அவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் சேமித்தல் கட்டாயமாதலால் இத்தேவை இருமடங்காகும். பிரதியில்லாத படத்தொகுதி, எவ்வளவு நுணுக்கமாக எடுக்கப்பெற்றதாயினும், வட்டு ஒன்று பழுதுற்றால் முற்றும் அழிந்துபோகும். பிரதி வைக்க வட்டு இல்லாத அலுவலகம் முதலில் வாங்கவேண்டியது வட்டையே.

மாற்றம் எப்போது தகும்?

ஷட்டர் தளர்ந்து, உதிரி உறுப்புகளும் கிடைக்காத நிலை. விதை முளைப்பதையோ சோதனை நிகழ்வதையோ சலனப்படமாக எடுக்கும் தேவை. ஷட்டரின் ஒலிகேட்டு விலகும் விலங்குகளை அமைதியாகப் பதிவு செய்யும் தேவை. இரவில் நடமாடும் உயிர்களை விளக்கின்றி எடுக்கும் தேவை. தொலைவிலுள்ள சிறு உருவங்களை வெட்டியெடுக்கும் தேவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று பணியின் இன்றியமையாத பகுதியாக இருப்பின் மாற்றம் தகும். வேறெதற்காயினும், லென்ஸ், விளக்கு, முக்காலி, பாட்டரி, சேமிப்பு வட்டு ஆகியவற்றை நிறைவு செய்த பின்னரே உடற்பகுதியை எண்ண வேண்டும்.

மத்திய அரசு அலுவலகப் பொருளாயின், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, ஒரு பொருளை உதவாதது என நீக்குவதற்குரிய காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். மேற்கூறிய சோதனைகளின் முடிவுகளைத் தேதியுடன் குறித்து வைத்தால் அதுவே தக்க சான்றாக அமையும். நீக்கப்படாத பழைய காமிராவும் வீணாவதில்லை. மாணவர்கள் ஒளித்துளை, வேகம், குவியம் ஆகியவற்றைக் கைப்படக் கற்பதற்கு அது ஏற்ற கருவி. களப்பயணத்தில் புதியது நின்றுவிட்டால் அன்றைய பதிவைக் காப்பதும் அதுவே.