டிரெய்லர் சக்கரத்தின் கிரீஸ் மூடியைக் கழற்றுவது எப்படி?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் புரட்டாசியில் விதைத்த உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் வீடு வந்து சேர டிராக்டர் டிரெய்லர்தான் கைகொடுக்கிறது. பாரம் ஏற்றி வரும்போது பேரிங் உடைந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும். ஆள் சேதமும் நேரலாம்.

அச்சு முனையில் உள்ள சிறு கிரீஸ் மூடிதான் பேரிங்கிற்குக் காவல். கரிசல் மண் மழையில் பசைபோல ஒட்டும், கோடையில் மாவுபோலப் பறக்கும். மூடி நெளிந்தாலோ தொலைந்தாலோ அந்த மண் கிரீஸில் கலந்து, அரம்போல பேரிங்கைத் தேய்த்துவிடும்.

கழற்றும் முன்

* காலி டிரெய்லரை டிராக்டரில் மாட்டியபடியே சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும்.
* ஜாக்கியை மட்டும் நம்பாமல், அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைக்கவும்.
* மூடியைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டி, டீசல் தொட்ட துணியால் துடைக்கவும்.

கழற்றும் முறை

மூடி போல்ட் போட்டதா, மரை உள்ளதா, அடித்துப் பொருத்தியதா என்று முதலில் பாருங்கள். அடித்துப் பொருத்திய மூடி என்றால், விளிம்பில் உளியை வைத்து லேசாகத் தட்டி, சுற்றிச் சுற்றி இடம் மாற்றி நெம்பவும். ஒரே இடத்தில் நெம்பினால் மூடி நெளியும், பிறகு இறுக்கமாக உட்காராது. துருப்பிடித்திருந்தால் டீசல் விட்டு ஓர் இரவு ஊறவிடவும்.

காட்டர் பின், நட், வாஷரை எடுத்ததும் வெளிப் பேரிங் கீழே விழாமல் கையில் பிடிக்கவும். பேரிங்கை டீசலில் கழுவி உலரவிடவும். குழி விழுந்தோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் மாற்றிவிடவும். பின்பக்க ஆயில் சீல் கிழிந்திருந்தால் அதையும் மாற்றவும்.

பூட்டும்போது

உருளைகளுக்கு இடையில் புதிய கிரீஸை நன்றாக அழுத்தித் திணிக்கவும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் துளை நேராக வரும் அளவுக்குச் சற்றுத் தளர்த்தி, புதிய காட்டர் பின் போடவும். மூடியின் மேல் மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டவும்.

மூடி தொலைந்தால் பாலிதீன் தாளைக் கட்டி ஓட்டாதீர்கள், புது மூடி வாங்கிப் போடுங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கத்தை மறுபடி சரிபார்க்காமல் பாரம் ஏற்ற வேண்டாம்.