ஆளுக்கு ஒரு பத்தி

சேர்ந்து உட்கார்வது வேறு, சேர்ந்து படிப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஒரு வகுப்பறைச் சோதனையின் கதை இது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். 1971இல் அங்கே இனவாரியாகப் பிரிந்துகிடந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன. வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தவர் எனத் தனித்தனிப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தார்கள். சில வாரங்களிலேயே அடிதடி தொடங்கிவிட்டது. வழி கேட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள்.

ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் முதலில் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பல கைகள் உயர்கின்றன. ஒருவனை எழுப்பியதும் மற்றவர்கள் முகம் வாடுகிறது. அவன் தடுமாறினால் அவர்களுக்குக் கொண்டாட்டம். வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளோ கையே தூக்குவதில்லை. வெளியிலிருந்து வந்த காழ்ப்புக்கு, வகுப்பில் நடந்த இந்தப் போட்டி நாள்தோறும் தீனி போட்டது.

பழகினால் மட்டும் வெறுப்பு தீராது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதியிருந்தார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்றார். இவற்றைப் பாடவேளைக்குள் கொண்டுவர ஆரன்சன் கண்ட வழிதான், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிரின் பெயர் கொண்ட 'ஜிக்சா'.

எப்படி நடக்கும்?

ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள். எல்லாப் பின்னணியினரும் ஒவ்வொரு குழுவிலும் கலந்திருப்பார்கள். பாடத்தை ஐந்தாறு பகுதிகளாக வெட்டி, ஆளுக்கு ஒன்று தருவார் ஆசிரியர். வெவ்வேறு குழுக்களில் ஒரே பகுதி கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடி, ஐயம் தீர்த்துக்கொள்வார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் பாடம் நடத்துவார்கள். தேர்வு முழுப் பாடத்திலும், மதிப்பெண் தனித்தனி. அடுத்தவர் சொல்வதைக் கேட்காதவருக்கு அந்தப் பகுதி கிடைக்க வேறு வழியில்லை.

ஒரு குழுவில் ஆங்கிலம் சரளமாக வராத மெக்சிகோ வழிச் சிறுவன் ஒருவன் இருந்தான். பாடம், பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை. அவன் திக்கியதும் மற்றவர்கள் கேலி செய்தார்கள். உங்கள் கேலி தேர்வில் கைகொடுக்காது என்று நினைவூட்டினார் உடனிருந்த ஆய்வு உதவியாளர். கேலி சில நாட்களில் கேள்விகளாக மாறியது. அவன் மந்தமானவன் அல்ல என்று குழு கண்டுகொண்டது. புலிட்சரே 1864இல் ஹங்கேரியிலிருந்து ஆங்கிலம் அதிகம் அறியாமல் வந்து இறங்கியவர்தான்.

சில வாரங்களில், வழக்கமான வகுப்புகளைவிட இந்த வகுப்புகளில் நட்பு கூடியது. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. பின்னாளில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டிவிடவில்லை. அவசரமாக ஒருமுறை செய்துவிட்டு அதிசயத்துக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

உலகத்தை வகுப்புக்குள் கொண்டுவர

உலகப் பார்வை என்றதும் பல பள்ளிகள் கொடி, உடை, உணவு வைத்து விழா நடத்துகின்றன. அதில் அடுத்த நாட்டுக்காரர் வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடுகிறார். அதற்குப் பதில் ஜிக்சா முறையில் ஒரு தேநீர்க் கோப்பையின் கதையை ஆறு பகுதிகளாக்கிப் பார்க்கலாம்: தேயிலையின் தொடக்கமான சீனா, 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலைப் பெட்டிகள், ஆங்கிலேயர் அமைத்த அசாம் தோட்டங்கள், 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தோட்டம், அந்த மலைகளுக்குத் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள், இன்று ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் கென்யா. ஆறு பேரும் பேசி முடித்தால்தான், ஒரு நாட்டின் லாபம் இன்னொரு ஊரின் உழைப்போடு எப்படிப் பிணைந்தது என்பது விளங்கும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில. குழுவை மாணவர்களே பிரித்துக்கொண்டால் பழைய கூட்டாளிகளே கூடுவார்கள். அதை ஆசிரியரே பிரிக்க வேண்டும். மொழியில் பின்தங்கிய பிள்ளைக்கு எளிய பகுதியைத் தள்ளிவிடுவது கருணை போலத் தெரியும். ஆனால் குழு அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடும். மற்றவர்களுக்குத் தேவைப்படும் பகுதியையே கொடுத்து, ஒத்திகைக்குக் கூடுதல் நேரம் தரலாம். ஒரு பிள்ளைக்கு வகுப்பில் மரியாதை கிடைப்பது, அது சொல்வதற்காக மற்றவர்கள் காத்திருக்கும்போதுதான்.