முக்தி வாஹினி முதல் அகால் தக்த் வரை: மேஜர் ஜெனரல் ஷாபேக் சிங்

அமிர்தசரஸ் போய்வரும் நம் சங்கத்துப் பிள்ளைகள் பொற்கோயில் குளத்து மீனையும் லங்கர் சாப்பாட்டையும் பற்றித்தான் பேசுவார்கள். என் பேத்தி மட்டும் வேறொரு கேள்வியோடு வந்தாள். "தாத்தா, 1984-ல உள்ளே ராணுவம் டாங்கியோட போச்சாமே. அந்த அளவுக்குச் சண்டை போட உள்ளே இருந்தவங்களுக்கு யார் கத்துக்குடுத்தாங்க?"

சரியான கேள்வி. பிந்தரன்வாலே பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் தம்தமி டக்சால் என்ற சமயப் பள்ளியின் தலைவர். பேச்சில் கூட்டத்தைக் கட்டிப்போடுவார், ஆனால் யுத்தம் படித்தவர் அல்லர். யுத்தம் படித்தவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவரே இந்திய ராணுவத்தின் மேஜர் ஜெனரலாக இருந்த ஷாபேக் சிங். சால்வை வியாபாரத்துக்காக நாற்பது வருஷமாக டெல்லிக்கும் அமிர்தசரஸுக்கும் அலைகிறவன் நான். பகலில் கடை, ராத்திரியில் புத்தகம். அப்படிப் படித்துச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமிர்தசரஸுக்குப் பக்கத்தில் கியாலா என்பது அவர் பிறந்த கிராமம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு பாராசூட் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனில் இருந்தார். பின்னர் கூர்க்காப் படையொன்றுக்குத் தளபதியானார்.

அவர் பெயர் ராணுவத்தில் நிலைத்தது 1971-ல். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த வங்காள இளைஞர்களை முக்தி வாஹினிப் போராளிகளாக்கும் வேலை அகர்தலாப் பகுதியில் அவரிடம் வந்தது. நேற்றுவரை கல்லூரிக்குப் போன பையன்களுக்குப் பாலத்தைத் தகர்க்கவும், பதுங்கியிருந்து அடிக்கவும், சின்ன ஆயுதத்தை வைத்துக்கொண்டு பெரிய படையை நிறுத்தவும் சொல்லிக்கொடுத்தார். அடையாளம் தெரியாமலிருக்கத் தலைமுடியையும் தாடியையும் எடுத்தார். சீக்கியருக்கு அது சின்னக் காரியமில்லைங்க. நாட்டுக்காக அதையும் செய்தார். பரம் விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது.

ஐந்தே வருஷம். 1976-ல், ஓய்வுபெற ஒரு நாள் இருக்கும்போது, ஊழல் குற்றச்சாட்டில் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. ஓய்வூதியமும் போயிற்று. அவர் வழக்காடினார், பின்னாளில் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அதற்குள் மனிதர் வேறு பக்கம் போய்விட்டிருந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவரைக் கடைசி நாளில், கணக்கைக் காட்ட விடாமலே அனுப்புவதை ஒரு சின்னக் கடைக்காரன்கூடச் செய்யமாட்டான். ஆனால் இந்த ஒரு மனக்கசப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சண்டிகர், ஆற்று நீர் பற்றிய கோரிக்கைகளோடு அகாலிகள் 1982 ஆகஸ்டில் தர்மயுத்தப் போராட்டம் தொடங்கினார்கள். அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது ஹரியானா வழியே வந்த சீக்கியர்களையெல்லாம் இறக்கிச் சோதித்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் அதற்குத் தப்பவில்லை. அந்த அவமானம் பல முன்னாள் வீரர்களைப் பொற்கோயில் பக்கம் தள்ளியது. ஆனால் ஆயுதம் எடுத்த பெரிய தளபதி என்று பார்த்தால் ஷாபேக் சிங் பெயர்தான் முதலில் வருகிறது.

இங்கே அகால் தக்த் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். 1606-ல் குரு ஹர்கோபிந்த் நிறுவிய ஆசனம் அது. பொற்கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கோயில் ஆன்மிகத்துக்கு, தக்த் உலகியல் அதிகாரத்துக்கு. 1983 டிசம்பரில் பிந்தரன்வாலே அதற்குள் குடிபுகுந்தார். அதை ஷாபேக் சிங் கோட்டையாக்கினார். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். சுவரில் துப்பாக்கிக்கு ஓட்டை விட்டார். தரைமட்டத்தில் யந்திரத் துப்பாக்கிகளை வைத்ததால் ஓடிவந்த சிப்பாய்களுக்குக் காலில் குண்டு பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் ராம்கடியா கோபுரங்களும் தண்ணீர்த் தொட்டியும் காவல் மேடைகளாயின. அகர்தலாவில் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

எதிரே நின்றவர்களையும் பாருங்கள். மேற்கு ராணுவப் பிரிவின் தலைவர் சுந்தர்ஜி, நம் செங்கல்பட்டில் பிறந்தவர். அவருக்கு அடுத்து ரஞ்சித் சிங் தயால், களத்தில் குல்தீப் சிங் பிரார், இருவரும் சீக்கியர்கள். தயால் 1965-ல் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்த வீரர், அதே முதல் பாராசூட் பட்டாலியன்காரர். ஜூன் 5 இரவு மணிக்கூண்டு வாசல் வழியாக முதலில் நுழைந்து அடிபட்ட கமாண்டோக்களும் அந்தப் பட்டாலியன்தான். ஷாபேக் சிங் தன் பழைய வீட்டுப் பிள்ளைகளையே சுட்டார் என்றுதான் நான் சொல்லுவேன்.

காலாட்படை திணறியதும் விஜயந்தா டாங்கிகளை உள்ளே விட்டார்கள். நம் ஆவடித் தொழிற்சாலையில் செய்தவை. அகால் தக்தின் முகப்பு இடிந்தது. பிந்தரன்வாலேயும் ஷாபேக் சிங்கும் உள்ளேயே இறந்து கிடந்தார்கள். அரசின் வெள்ளை அறிக்கைப்படி இறந்த படைவீரர்கள் 83, மற்றவர்கள் 493. அதைவிட அதிகம் என்று சொல்பவர்கள் பலர். ஜூன் 3 குரு அர்ஜன் நினைவு நாள் என்பதால் குடும்பத்தோடு வந்த யாத்திரிகர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அந்த நாளில் படையை அனுப்பியவர்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அத்தனை பேர் கும்பிட வரும் இடத்தைப் போர்முனையாக்கிய அந்தத் தளபதியையும் மன்னிக்க முடியவில்லை.

அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். டெல்லி எரிந்தது. எங்கள் எதிர்க்கடை சர்தார்ஜி குடும்பம் மூன்று நாள் எங்கள் மாடி அறையில் இருந்தது. அந்தச் சர்தார்ஜி பழைய சிப்பாய். பிந்தரன்வாலேயைத் திட்டுவார், அரசாங்கத்தையும் திட்டுவார். ஷாபேக் சிங்கைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். நானே பேச்செடுத்தால் "ஜெனரல் சாப்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

குண்டு பட்ட சுவர் எங்கே என்று பேத்தி அகால் தக்தில் தேடினாளாம். கிடைத்திருக்காது. அரசாங்கம் அவசரமாகக் கட்டித் தந்த கட்டடத்தை 1986-ல் சீக்கியர்களே இடித்துவிட்டு, கார்சேவை செய்து புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.